லோனி பிரெஸ்காட்டின் நாற்பது வருடம்

ஃபார்கோ நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வெர்லீன் ஹாக்ஸ்டாட் நீதிபதியாக உட்கார்ந்து இருபது வருடம் ஆகிறது. ஆயுளுக்கும் யாரும் இறக்கிவிட முடியாத நாற்காலி. அம்மாள் கறார், ஆனால் நியாயம் என்று ஊரில் பேச்சு. சட்டக் கல்லூரி விருந்துகளில் அவர் ஒரு கதையைச் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார். துப்பாக்கிகூட இல்லாமல், துண்டுச் சீட்டை நீட்டி இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்த லோனி பிரெஸ்காட்டுக்கு நாற்பது வருடம் கொடுத்த கதை. சட்டம் என் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று முடிப்பார்.

அந்த லோனி இப்போது மனுப் போட்டிருந்தான். பத்தொன்பது வருடம் உள்ளே இருந்தாயிற்று, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, சாவதையாவது வீட்டில் சாகிறேன் என்று. தண்டனை கொடுத்த நீதிபதியிடமே இப்படிப்பட்ட மனு திரும்பி வரும்.

அம்மாள் தீர்ப்புச் சொன்ன நாளின் பழைய பதிவை வரவழைத்துப் படித்தார். ஒரு கொள்ளைக்கு இருபது, மற்றதற்கு இருபது. இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவிக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தால், நன்னடத்தைக் கழிவும் போக, சிறுநீரகம் கெடுமுன்பே லோனி வீடு போய்ச் சேர்ந்திருப்பான். சொல்லும் அதிகாரம் முழுக்க அவரிடம்தான் இருந்தது. ஒன்று முடிந்தபின் மற்றது என்று சொல்லியிருந்தார்.

சுருக்கெழுத்தாளர் மார்லிஸ் ஓபெர்க் அன்றும் இன்றும் அவரிடம்தான் வேலை. பதிவில் ஏதாவது விட்டுப்போயிருக்குமா என்று அவளைக் கேட்டார்.

"ஒரு வார்த்தகூட விடல, ஜட்ஜ். அதுக்கு முந்தின மாசம்தான் ரொம்ப இளகிட்டீங்கன்னு மேல்கோர்ட்டு உங்க தீர்ப்பு ஒண்ணத் திருப்பி அனுப்புச்சு. பேப்பர்லயும் கிழிகிழின்னு கிழிச்சாங்க. அந்தக் கோவத்த இவன் மேல எறக்கிட்டீங்க."

அப்போதே சொல்லக் கூடாதா என்றார் அம்மாள்.

"தட்டுறது என் வேல. தீர்ப்புச் சொல்றது உங்க வேல."

அம்மாளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் தப்பிக்க வழி இருந்தது. விடுதலைக்கு நோய் ஒன்றே போதும், அரசு வக்கீலும் எதிர்க்கவில்லை. நாலு வரி உத்தரவு போட்டால் பழைய விஷயம் ஈ காக்கைக்குத் தெரியாது. அப்படியே எழுதியும் வைத்தார். மூன்று நாள் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. நான்காம் நாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, லோனியை நேரில் அழைத்து வரச் சொன்னார்.

சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பாதி ஆளாகியிருந்தான்.

"மிஸ்டர் பிரெஸ்காட், நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் அம்மாள். "இன்னொண்ணும் பதிவுல ஏறணும். அன்னிக்குச் சட்டம் என் கையக் கட்டல. கடைசி இருபது வருசம் நானாக் குடுத்தது. என் பேரக் காப்பாத்திக்கக் குடுத்தேன்."

லோனி தலையாட்டினான்.

"அந்தப் பதிவோட நகல் என்கிட்டயும் இருக்குங்க. ஜெயிலுக்குப் போன மொத வருசமே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"போன செவ்வாக்கெழம" என்றார் நீதிபதி.