இரண்டாவது கையெழுத்து

"அப்பா, நாளைக்கு ஆறு என்ன கலரு?"

மகள் நாலு வயதில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். சாயப்பட்டறையில் கழிவுநீர் வால்வை ஆற்றுக்குத் திறந்துவிடுகிறவர் அவர். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? "நீலம்டா கண்ணு" என்றார். வீடே சிரித்தது. இப்போது அவளுக்குப் பத்து வயது. கேட்பதில்லை.

கிணறுகள் கெட்டபின் பட்டறையே லாரியில் குடிநீர் அனுப்பியது. அட்டையைக் காட்டினால் வீட்டுக்கு ஆறு குடம். அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பட்டறையில் துணி மடிக்கும் அக்கா மட்டும், ஆற்றில் கழிவு விடுவதைத் தடுக்கச் சொல்லிக் கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தாள்.

"முதல்ல யாரு போடறது தம்பி?"

"நீ போடுக்கா. அடுத்த கையெழுத்து என்னுது" என்றார் வால்வுக்காரர். மனசாரத்தான் சொன்னார்.

அவள் போட்டாள். அவர் பேனாவை வாங்கினார்.

"போடுய்யா, போடு. பட்டறைய மூடினா உன் மாமனாரா சோறு போடுவாரு?" என்றார் கொதிகலன்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எல்லாரும் போடட்டும்க்கா, கடைசியா போடறேன்" என்று காகிதத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளினார். நாலு நாள் கை மாறிய காகிதம், ஒற்றைக் கையெழுத்தோடு அக்காவிடமே திரும்பியது. அப்படியே அனுப்பினாள்.

மறுவாரம் லாரிக்காரர் அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "லிஸ்ட்ல இல்லக்கா. நான் என்ன பண்ண?"

வரிசையில் எல்லோரும் அவரவர் குடத்தையே பார்த்தார்கள்.

"பாவங்க அவங்க" என்றாள் மனைவி, வீட்டில்.

"ம்."

"நாம என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் முடியாது." சாப்பிட்டுக் கை கழுவினார்.

அடுத்த லாரி வந்த நாள் அவருக்கு மதிய ஷிப்ட். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நிரப்பிய ஆறு குடங்களில் இரண்டை அவள் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோனார். அங்கிருந்த தண்ணீர் டிரம்மின் மேல் நாலாக மடித்த சேலைத்துணி கட்டியிருந்தது. ஆற்றுநீரை வடிகட்டி வடிகட்டி அது பழுப்பேறி விறைத்திருந்தது. அடியில் நாலு விரற்கடை நீர். துணியை அவிழ்த்து, டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு செம்பு நல்ல தண்ணீரால் அலசி, மீதியைச் சத்தம் வராமல் சாய்த்து ஊற்றினார். துணியை முன்போலவே கட்டினார்.

பின்வாசல் படியில் அவர் குடங்களை வைத்திருந்த இடத்தில் இரண்டு ஈர வட்டங்கள். தோள் துண்டை எடுத்து, குனிந்து, இரண்டையும் துடைத்தார்.