எட்டு வாளி கிணற்றுத் தண்ணீர்

கார்களுக்குக் கறள், அதாவது துரு, பிடிப்பதைப் பற்றி நான் பதினொரு மாதம் வாசித்தேன். கார் வைத்திருக்கிற யாரும் இவ்வளவு வாசித்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் காரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

கார் என்னுடையது அல்ல. என் மனைவி ஹுஸ்னியாவுக்கு அவளுடைய வாப்பா கொடுத்த மொரிஸ் மைனர் அது. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துறைமுகக் காற்று நேரே வந்து மோதுகிற கொட்டிலில் ஒன்பது வருடம் நின்றது. ஹுஸ்னியா மூதூரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். சந்தியில் காலை ஆறு மணிக்கு வரும் ஆசிரியர் வேனில் போய் வருகிறாள். புது வாகனங்களின் விலையை விசாரித்துவிட்டு வந்த ஒரு நாள், "வாப்பாட காரத் திருத்தி நானே ஓடினா என்ன?" என்று கேட்டாள்.

நான் பேசாமல் இருந்தேன். என் பேசாமையை அவள் 'ஓம்' என்று எடுத்துக்கொள்வாள். எங்களுடைய இருபத்திரண்டு வருடக் கல்யாணம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. மறுப்பு இருந்தால்தான் நான் வாய் திறக்க வேண்டும். மறுப்பதற்கும் சோம்பல் என்பதால் எங்களுக்குள் பெரிய சண்டை ஏதும் வந்ததில்லை. அதை நான் என்னுடைய பொறுமை என்று நினைத்திருந்தேன்.

அடித்தட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டித் தந்தவர் கதிரவேல் பாஸ். சல்லிக் கிராமத்தில் இருந்து வருகிறவர். மீனவக் குடும்பத்தில் பிறந்து தகரவேலைக்கு வந்துவிட்டார். ஒட்டி முடித்ததும், "இனிக் கறள் பெயின்ற் அடிக்கிற வேலையையும் நான் பாக்கட்டா சேர்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அதற்குத்தான் நான் பதினொரு மாதம் வாசித்திருந்தேன். ஒரு மனிதன் தனியாக இருந்து, யாரோடும் கதைக்காமல், இரும்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கலாம் என்றால் அதை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்?

தேய்த்தேன். கம்பி பிரஷ், பிறகு முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள். கடற்காற்றின் உப்பு படியாமல் கொட்டிலைச் சுற்றித் தார்ப்பாய்ப் படங்கு கட்டினேன். வேலை செய்கிற நாட்களில் யாரையும் படங்கைத் தூக்க விடவில்லை. மகள் ஷிஃபானா வாசலில் நின்று, "உம்மா, வாப்பா ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள நிக்கிறார்" என்று அறிவித்தாள்.

தேய்த்த தூசியைக் கழுவ வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு என்று பெயின்ற் பேணியில் எழுதியிருந்தது. கழுவினேன். எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். குழாய்த் தண்ணீர் குடிக்க, சமைக்க. மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. குழாய்த் தண்ணீரில் வாளி கழுவினாலே வீண்விரயம் என்று பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நான் வாய் திறக்கும் சில விஷயங்களில் அது ஒன்று. எனவே கிணற்றில் எட்டு வாளி அள்ளி, அடித்தட்டு, மட்கார்ட், கதவுகளின் உட்புறம் எல்லாம் ஊற்றினேன். கடலுக்கு நூறு கஜ தூரத்தில் இருக்கிற கிணறு அது. அதில் சவர்க்காரம் நுரைக்காது. ஹுஸ்னியாவின் தலைமுடிக்கும் எனக்கும் அது தெரியும். படங்குக்கு வெளியே உப்பை நிறுத்திவிட்டு, உள்ளே நானே வாளியில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன் என்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டு நாள் காயவிட்டு, இரண்டு பூச்சு அடித்தேன். கறுப்பாக, கண்ணாடி போல இருந்தது. மாலையில் ஒரு கதிரையைப் போட்டு அதன் முன்னால் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒன்றை முடித்திருக்கிறேன் என்று பட்டது. அந்த எண்ணம் வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, அடித்தட்டில் கொப்புளங்கள். முதலில் நாலைந்து. கதவைத் திறந்து பார்த்தால் அங்கே கணக்கில்லை. அடுத்த நாள் கதிரவேல் பாஸைக் கூட்டிவந்தேன். அவர் திருப்புளியால் ஒரு கொப்புளத்தை உடைத்தார். உள்ளே இருந்து கலங்கல் நீர் வந்தது. அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எந்தத் தண்ணியில கழுவினனீங்கள்?"

நான் கிணற்றைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"சேர், நீங்கள் காரைக் கருவாடு போட்டிருக்கிறீங்கள். உப்புப் போட்டு, மூடி வைச்சு, ரெண்டு நாள் காயவிட்டு... எங்கட ஆக்களே இவ்வளவு கச்சிதமாச் செய்யமாட்டினம்."

"எவ்வளவு நாள் செல்லும்?"

"முழுக்கச் சுரண்டோணும். நல்ல தண்ணியில கழுவோணும். ரெண்டு மாசம். அதுவும் நான் செய்தா."

இதை ஹுஸ்னியாவிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கும்போது அவள் காரில் போவதாக இருந்தாள். வேனில் அவளுடைய ஆசனத்தைக் கேட்டு றம்லா டீச்சர் நாலு மாதமாகக் காத்திருந்தார். ஆசனத்தை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. இரண்டு பஸ் மாறிப் போனால் ஏழரைக்குப் பாடசாலையில் நிற்க ஏலாது. வரவுப் பதிவில் அதிபர் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பது ஹுஸ்னியாவுக்கு மரண அவமானம். எல்லாம் எனக்குத் தெரியும். நான் கதிரையைக் கொட்டிலுக்குள் எடுத்துப்போய், கொப்புளங்களின் முன்னால் அமர்ந்து, மனிதனின் முயற்சி பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை அவள் குசினியில் இருந்து கேட்டாள். "நாளைக்கு மாசக் கடைசி. வேன்காரருக்குச் சொல்லிரட்டா? கார் சரிதானே?"

நான் பேசாமல் இருந்தேன்.

"அப்ப சரி" என்றாள்.

இப்படியான இடங்களில் என் மௌனத்துக்கு ஆழம் இருக்கிறது என்று இளமையில் நான் நம்பியிருந்தேன். அதில் ஆழம் இல்லை. அது வாய் திறக்கப் பயந்தவனுடைய பதில், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பத்தொரு வயதும் ஒரு மொரிஸ் மைனரும் தேவைப்பட்டன.

வியாழன் காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்தபோது அவள் வெளிக்கிட்டுப் போய்விட்டாள். சாரத்தோடே சந்திக்கு ஓடினேன். வேன் நின்றது. ஹுஸ்னியா ஒரு காலைப் படியில் வைத்தபடி சாரதி ஆதம்பாவாவிடம் கதைத்துக்கொண்டிருந்தாள். றம்லா டீச்சர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"விட்டுக்குடுக்காத" என்றேன்.

வேனில் இருந்த ஒன்பது ஆசிரியர்களும் திரும்பினார்கள். அவர்களில் பலர் என் குரலை முதல்முறை கேட்கிறார்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கியது நிற்கவில்லை. கறள், உப்பு, கிணறு, எட்டு வாளி, கொப்புளம், கதிரவேல் பாஸின் நாக்கு எல்லாவற்றையும் சாரத்தைப் பிடித்தபடி சொன்னேன்.

ஆதம்பாவா என்ஜினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார். "அப்ப அந்தப் படங்கு என்னத்துக்கு நாநா? கிணத்துக்கெல்லோ கட்டியிருக்கணும்!"

வேன் சிரித்தது. ஹுஸ்னியா சிரிக்கவில்லை.

"எப்பயிருந்து தெரியும்?"

"திங்கட்கிழமை."

"இண்டைக்கு வியாழன்." விரலை மடித்து எண்ணினாள், கணித ஆசிரியை. "நேத்துக் கேட்டனான்தானே?"

"கேட்டாய்."

றம்லா டீச்சர், "பரவாயில்ல ஹுஸ்னியா, நீங்களே இருங்க, நான் பஸ்ஸில..." என்று தொடங்கினார். அவருடைய முகத்தைப் பார்த்து ஹுஸ்னியா கையைக் காட்டி மறித்தாள்.

"இல்ல. குடுத்தது குடுத்ததுதான். நாலு மாசம் நின்ட மனிசி." பிறகு என்னிடம்: "கார் சரியாகும் வரைக்கும் நீங்கதான் மோட்டார்சைக்கிள்ல என்னக் கொண்டுபோய் மூதூர்ல விடணும். ஏழரைக்கு முன்ன."

தவணை தொடங்கிய முதல் நாள் ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிட்டோம். சீனன்குடா தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பின்னாலிருந்து முதுகில் தட்டினாள்.

"கதைச்சிட்டு ஓடுங்க. நித்திரையாப் போயிட்டீங்களோன்னு பயமாயிருக்கு."

கிண்ணியாப் பாலம் வரை கறளைப் பற்றிச் சொன்னேன். பதினொரு மாத வாசிப்பு பாலத்தின் மறுகரையில் முடிந்துபோனது. மீதி வழிக்கு, கதிரவேல் பாஸோடு சேர்ந்து இடப்பக்கக் கதவை எவ்வளவு சுரண்டியிருக்கிறேன், எவ்வளவு மிச்சம், எங்கே கை வலித்தது என்று சொல்லிக்கொண்டு போனேன். ஏழு பத்துக்குக் கேற்றடியில் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கோட்டுக்கு மேலேதான்.

நான் ஓர்ஸ் ஹில்லுக்குத் திரும்பி என் காரியாலயப் படியேறியபோது எட்டு நாற்பது. எங்களுக்கும் ஒரு சிவப்புக் கோடு உண்டு. எட்டரைக்குப் போடுவார்கள். கீழே கையெழுத்து வைத்து, 'காரணம்' என்ற கட்டத்தின் முன் பேனையோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, 'உப்புத் தண்ணீரில் மனைவியின் காரைக் கழுவியது' என்று எழுதினேன்.

பிரதம இலிகிதர் பூரணம் மிஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இப்பிடி எழுத ஏலாது சேர். காய்ச்சல் எண்டு போடுங்கோ."

"ரெண்டு மாசத்துக்கும் காய்ச்சல் எண்டு எப்பிடி மிஸ் போடுறது?" என்று கேட்டுவிட்டு, அவர் கேட்காமலே, முதலாவது வாளியில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.