ஏ பக்கத்தின் கடைசி ஏழு நிமிஷம்

ஸ்ரீநிவாசராகவனுக்கு ஊரில் ஒரே ஒரு எதிரி இருந்தார். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஜெயவேலு. நண்பர் என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லாததால், ராகவன் அந்த எதிரியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தார்.

சண்டை எல்லாம் காப்பர் லைட்ஹவுஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றி. உலகத்திலேயே தலைசிறந்த பேண்டு அதுதான் என்பது ராகவனின் கட்சி. பாரிமுனையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவருக்கு வேலை. மத்தியானத்தில் நடைபாதைக் கடைகளில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளைத் தேடிப் பிடித்து, அந்தக் குழுவை யார் யார் எப்படிப் புகழ்ந்தார்கள் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். ஜெயவேலு மாடம்பாக்கத்துக்காரர், அப்பா காலம் வரை விவசாயம். பர்மா பஜாரில் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் வாங்கியபோது கடைக்காரன் சும்மா கொடுத்த நாலு ராக் கேசட்டிலிருந்து தொற்றிக்கொண்டது அவருக்கு இந்த வியாதி. இங்கிலீஷ் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. காது மட்டும் கத்தி.

1984இல் தாழ்ப்பாள் வாங்கப் போன ராகவன், ஆணி மூட்டைகளுக்கு நடுவே கிடார் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். மறுநாளே தான் ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வைத்திருந்த காப்பர் லைட்ஹவுஸ் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அறுபது நிமிஷக் கேசட். ஏ பக்கத்தில் பாட்டு முடிந்த பிறகு ஏழு நிமிஷம் காலியாகக் கிடக்கும். இரண்டு நாள் கழித்துக் கேசட் திரும்பி வந்தபோது அந்தக் காலி இடத்தில் ஜெயவேலு பேசியிருந்தார்.

“இன்னா சார் பேசறீங்க? இதுக்கா இவ்ளோ பில்டப்பு? அந்த டிரம்ஸ்காரன் மாடிப்படில பக்கெட்ட உருட்டிகினு கீறான். நாலு வெள்ளைக்காரன் ஒசத்தின்னு எழுதிட்டான், நீங்க நம்பிட்டீங்க. பேரு கீது சார், சரக்கு இல்ல.”

ராகவனுக்கு ரத்தம் கொதித்தது. அதன் மேலேயே தன் பதிலைப் பதிவு செய்து, காலையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கடையில் வைத்துவிட்டுப் போனார். அப்படித் தொடங்கியதுதான். கடையில் எப்போதும் கூட்டம், நின்று பேச வழியில்லை. அதனால் ஒன்பது வருஷச் சண்டையும் அந்த ஏழு நிமிஷத்துக்குள்ளேயே நடந்தது. ஒருவர் பேசியதை அழித்துத்தான் இன்னொருவர் பேசுவார். வேறு கேசட் வாங்கலாமே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பாட்டின் வாலிலேயே இருந்தால்தான் சண்டைக்கு ருசி.

ராகவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணா டெல்லியிலேயே தங்கிவிட்டார். அந்த ஒற்றைப் படுக்கையறை போர்ஷனில் அவரைக் கூப்பிடுகிற குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்தது. காபி கலந்துகொண்டே கேட்பார். “அபத்தம், சுத்த அபத்தம்!” என்று அடுப்படியிலிருந்து கத்துவார். பக்கத்துப் போர்ஷன் அபிதகுஜாம்பாள் மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “யாராவது வந்திருக்காளா ராகவா?” என்பாள்.

“ஆமாம் மாமி, ஜெயவேலு!” என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை.

1993 தை மாதம் ஜெயவேலு படப்பையில் பெரிய கடை போட்டார். கேம்ப் ரோடு கடை கைமாறியது. அன்று ராகவனுக்கு ஆபீஸ். நேரில் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. ஜெயவேலு புதுக் கடைக்காரரிடம் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ராகவன் தோள் பையைக்கூட இறக்காமல் போட்டுக் கேட்டார்.

“சார், நல்லா ரோசன பண்ணிப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் கரெக்ட்டு. நல்ல பேண்டுதான் சார் அது. நான் தோத்துட்டேன், நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஒடம்பப் பாத்துக்குங்க சார்.”

அரை நிமிஷம்கூட இருக்காது. அதற்கப்புறம், அழிபடாத மிச்சத்தில், போன வாரம் ராகவன் பேசிய பேச்சு பாதி வாக்கியத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

ஒன்பது வருஷமாகக் காத்திருந்த வெற்றி. துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷர் செருப்புக்காலோடு தரையில் உட்கார்ந்து அழுதார். ஊரை விட்டுப் போகிறவருக்கு நாம்தான் சால்வை போர்த்துவோம். இங்கே போகிறவர் மிஞ்சினவருக்குப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்.

பதில் சொல்ல வேண்டுமானால் வழக்கப்படி அந்த அரை நிமிஷத்தை அழிக்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் ஜெயவேலுவின் குரல் என்று கையில் மிஞ்சியது அவ்வளவுதான். சொல்லாவிட்டாலோ சண்டை அதோடு சரி. மூன்று வாரம் கேசட்டைத் தொடவே பயந்தார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரெக்கார்டு பட்டனை அமுக்கினார்.

“ஜெயவேலு, நீங்க அவசரப்பட்டுட்டேள். தப்பு என் மேலதான். அந்த டிரம்ஸ்காரனுக்குத் தாளமே நிக்கலை. பாடறவன் மூக்கால பாடறான். வெறும் பேர்தான், சரக்கு இல்லை.”

ஏழு நிமிஷமும் பேசினார். உயிருக்கு உயிரான குழுவைத் திட்டத் திட்ட நாக்கு கூசியது. ஆனாலும் அவர்களுக்காக இனிமேல் ஜெயவேலு வரிந்துகட்டிக்கொண்டு வருவார் அல்லவா? சண்டை நடந்தால் போதும், தான் எந்தப் பக்கம் நின்றால் என்ன என்று தோன்றியது.

மேற்குத் தாம்பரத்தில் பஸ் பிடித்து, அன்றே படப்பைக்குப் போனார். வாசலில் லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயவேலு எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “வாங்க சார், ஒக்காருங்க சார். டேய், சாருக்கு ஒரு கலர் சோடா வாங்கியா!”

எதிரிக்கு இந்த உபசாரமா என்று ராகவன் உட்காராமலே நின்றார். கேசட்டை நீட்டி, “கேட்டுட்டுப் பதில் சொல்லணும், கட்டாயம்” என்றார்.

“கண்டிப்பா சார்.”

இரண்டு மாதம் ஆயிற்று. சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலையூரில் லோடு இறக்க வந்த படப்பைக் கடை டிரைவர் குப்புராஜ் கதவைத் தட்டிக் கேசட்டை நீட்டினார்.

“அண்ணன் கேட்டாராம் சார். சார் இன்னா சொன்னாலும் கரெக்ட்டாத்தான் இருக்கும்னு சொல்லச் சொன்னாரு.”

ராகவன் நம்பவில்லை. பேசாமல் இருப்பாரா ஜெயவேலு? கேசட்டைப் போட்டுவிட்டு, காபி கலக்க அடுப்படிக்குப் போனார். பாட்டு முடிந்தது. கொஞ்சம் இரைச்சல். பிறகு ராகவனுடைய குரலே வந்தது. தாளமே நிக்கலை என்றது. மூக்கால பாடறான் என்றது. வெறும் பேர்தான், சரக்கு இல்லை என்றது. ஓர் எழுத்துகூட அழிபடவில்லை.

எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? டம்ளரை ணங்கென்று வைத்தார்.

“இன்னா சார் பேசறீங்க?” என்று கத்தினார். “டிரம்ஸப் பத்தி இன்னா தெரியும் சார் ஒங்களுக்கு?”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் கேட்டது. “யாராவது வந்திருக்காளா ராகவா?”

டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

“இல்லை மாமி” என்றார். “யாரும் வரலை.”