கிணற்றில் கேட்ட கூவி

"உன்ரை பெட்டி வீட்டுக்குள்ளைதான் வாய் காட்டுது. கடலுக்கு வந்தால் மூச்சுப் பேச்சில்லை" என்று சொல்லி றஞ்சித் பெட்டியை மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் என் தேத்தண்ணி சிந்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெல்ல வைச்சால் கை தேய்ஞ்சுபோடுமோ?"

அவர் முகம் கழுவப் போய்விட்டார். ஆறு நாளைக்கு முன் ஏதோ பெரிய படகு மிதப்பை அறுத்துக்கொண்டு போனதில் எங்கள் நண்டு வலை முழுவதும் கடலடியில் கிடந்தது. வலையின் கயிற்றில் நான் ஒரு 'கூவி' கட்டியிருந்தேன். விநாடிக்கு ஒருதரம் தண்ணீருக்குள் 'கிக்' என்னும் சின்னக் குழாய் அது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தானும் 'கிக்' என்று கூவி, ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தோடு சேர்த்துத் திரையில் காட்டுவது பெட்டியின் வேலை. பெட்டியும் நான் செய்ததுதான். ஒரு கம்பனிக்கு நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் புருசனின் வலைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? கூவியின் பற்றரி ஞாயிறு வரைதான் தாங்கும். திங்கட்கிழமை கொழும்பில் அவருக்குக் கட்டார் வேலைக்கு நேர்முகம். "வலை வந்தால் போகேல்லை, வராட்டி போறன்" என்று முடித்துவிட்டார். போனால் இரண்டு வருசத்துக்குத் திரும்ப முடியாது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அடுப்படி மேசையில் பெட்டி, ஜன்னல் வழியே கிணற்றுக்குள் போகும் ஒலிவாங்கி வயர், கிணற்றில் இன்னொரு கூவி. கிக், கிக், கிக். ஒன்றுகூடத் தவறவில்லை. இதே சோதனையை இருபது தரம் செய்தாயிற்று. கடலில் ஒருதரமும் செய்ததில்லை. எங்கள் கரையில் பெண்கள் வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள், விலை பேசுவார்கள், தொழிலுக்குப் போகும் படகில் ஏறமாட்டார்கள். நானும் கிணறு போதும் என்று இருந்துவிட்டேன். படித்த விசரி.

"பிள்ளை, உந்த வயரை எடு. ஜன்னலைச் சாத்தோணும், பூனை மீனைக் கொண்டுபோகப்போகுது" என்றார் மாமி மக்டலீன்.

முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிப் போய்க் கிணற்றடியில் துவைகல்லில் வைத்தேன். ஐந்து நிமிடம் கூவியது. பிறகு நின்றது. பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் வந்தது.

"மாமி, பழுதாப் போச்சு!" என்று ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

"பழுதாப் போனதுக்கோ துள்ளுறாய்? என்ன கோதாரியடி இது?"

கடலில் நடக்கும் பிழை வீட்டிலேயே அகப்பட்டுவிட்டதே! கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ்ஸுக்குச் செய்மதி பிடிபடாது. இடத்தைச் சொல்ல அது அனுப்பும் வரிகளில் பாதி வெறும் காற்புள்ளிகள். வானத்தைக் கண்டதும் விநாடிக்கு விநாடி நீட்டி முழக்கத் தொடங்கிவிடும். ஒவ்வோர் எழுத்து வரும்போதும் பெட்டியின் செயலி காது கொடுப்பதை விட்டுவிட்டு அதைக் கவனிக்க ஓடியது. அப்படி எழுதி வைத்தவள் நான்தான். கூவியும் விநாடிக்கு ஒன்று, இதுவும் விநாடிக்கு ஒன்று. இரண்டும் ஒரே கணத்தில் விழத் தொடங்கினால் நெடுநேரத்துக்குக் கூவி கேட்காது. செயலியை எது முதலில் குறுக்கிடலாம் என்ற முறையை மாற்றினேன். சத்தம் முதலில், எழுத்துகள் ஒரு ஓரத்தில் சேர்ந்து காத்திருக்கட்டும். மூன்று மணியிலிருந்து துவைகல்லில் பெட்டி ஒரு மணித்தியாலம் விடாமல் கூவியது.

பின்னேரம் றஞ்சித்திடம் சொன்னேன். "நாளைக்கு நானும் வாறன்."

"ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும். நீங்கள் கட்டாருக்குப் போறதை நான் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன்."

"விடிய அஞ்சு மணி. தொப்பி போடு."

சனி விடியக் கரையில் வலை ஏற்றிக்கொண்டிருந்த இன்னாசித்தம்பி அண்ணை வாயைப் பிளந்தார். "என்னடா றஞ்சித், இண்டைக்கு வீட்டையும் ஏத்திக்கொண்டு போறியோ?"

"ஓம் அண்ணை. பெட்டி அவவோடைதான் கதைக்குமாம்."

படகின் ஆட்டத்தில் நான் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். வெயில் ஏறியபிறகு திரையில் ஒரு புள்ளி வந்தது. கிக். காணாமல் போகவில்லை. றஞ்சித் எஞ்சினை நிறுத்திக் கொளுக்கிக் கயிற்றை இறக்கி மெல்ல இழுத்தார். முதல் தரம் வெறும் சாதாளைப் புல். இரண்டாம் தரமும் அதே. மூன்றாம் தரம் கயிறு விறைத்து நின்றது.

கல்லாக இருக்கலாம். அவர் கால்களை அகட்டி இழுத்தார். கனத்தோடு ஒரு முழம் வந்தது.

"கல்லெண்டால் வராது" என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பிடி."

அவருக்குப் பின்னால் நின்று பிடித்தேன். கையை அறுத்துக்கொண்டு குளிர்ந்த கயிறு இன்னொரு முழம் வந்தது. அதற்குப் பின் இன்னொன்று.