மூன்று நாள் மழை

உங்கள் வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் ஒரு வருட மழையை அளந்து கொடுங்கள் என்று கவுன்சில் சொன்னது. அப்போது எங்கள் பின்வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்தது ஒரு வயல், ஒரு கல்சுவர், ஒரு முற்றம். கூரை பற்றிக்கொண்டது என்று ஓடி வந்தவனிடம், போய் ஒரு வருடம் சூட்டைக் குறித்து வா என்பதுபோல இருந்தது எனக்கு. அதை அப்படியே அந்த ஆபீஸில் சொல்லவும் செய்தேன். என் கணவர் மாலக்கி என் கையை அழுத்திப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

ரோஸ்காமனில் எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு ஒரு குணம் உண்டு. இலையுதிர்காலத்தில் தரைக்கு அடியிலிருந்து பொங்கி வரும். வசந்தத்தில், வந்த ஓட்டை வழியாகவே இறங்கிப் போகும். கோடையில் அதே இடத்தில் மாடு மேயும். டர்லாக் என்போம். என் மாமனார் காலம் முழுக்க எங்கள் டர்லாக் சொன்ன சொல் தவறாமல் வந்து போனது. மூன்று வருடமாகத்தான் வந்தது போகவில்லை. அடியில் எதுவோ அடைத்துக்கொண்டது. குழாய் பதித்து உபரித் தண்ணீரை ஆற்றில் விடலாம், ஆனால் அதற்கு டப்ளின் அரசாங்கம் பணம் தர வேண்டும் என்றார் கவுன்சில் இன்ஜினியர் ஃபெர்கல் டூலன். தண்ணீர் மழையால்தான் ஏறுகிறது என்று காட்ட, ஒரு நாள் விடாத பதிவு இருந்தால் தருவார்களாம்.

அவரே ஒரு செம்பு மழைமானியைக் கொண்டுவந்து புல்தரையில் பதித்தார். மேலே புனல், உள்ளே பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. தண்ணீர் மட்டம் பார்க்க வயல் முனையில் கோடு போட்ட ஒரு கம்பம். இரண்டையும் எழுத நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. மார்ச் முதல் தேதி பதித்தார், மறுநாள் காலை முதல் அளவு.

மாலக்கி எதற்கும் நேரத்துக்குப் போனவர் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கே இருபது நிமிடம் தாமதம். நான் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்க அந்த நேரம் போதுமானதாக இருந்தது. அந்த மனிதர் தினமும் காலை ஒன்பதுக்கு, ஒரு நிமிடம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, மழைமானியின் முன்னால் முழங்காலிட்டார். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்ததும் பத்து மணிக்குப் போனார். கடிகாரத்தைத் தள்ளிவைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, மழையைத் தள்ளிவைக்க இல்லை என்பார். கோவிலில்கூட அவர் அப்படி மண்டியிட்டு நான் பார்த்ததில்லை.

மார்ச்சில் இருபத்திரண்டு நாள் மழை. ஏப்ரலில் கிழக்குக் காற்று அடித்து, பதினோரு நாள் தொடர்ந்து பூஜ்யம் எழுதினார். அந்தப் பதினோரு நாளும் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது. தண்ணீர் முழங்கால் அளவு இறங்கியது. ஜூனில் இறங்குவது நின்றுவிட்டது. ஜூலை பதினைந்து, புனித ஸ்விதன் நாள். அன்று பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்பார்கள். அன்று பெய்தது இருபத்திரண்டு மில்லிமீட்டர். அதற்கப்புறம் நாற்பது நாளில் முப்பத்தொரு நாள் பெய்தது. புனிதருக்கு முழு மார்க் தர முடியாது, ஆனால் பாஸ் என்றார் மாலக்கி. அதுதான் அந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தது என்று நினைக்கிறேன். அக்டோபரில் வயல் போனது. நவம்பரில் மாடுகளை விற்றோம். டிசம்பரில் கழிவுத்தொட்டி நிரம்பிப் பொங்கியது. அதன் நாற்றத்தோடுதான் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். ஜனவரியில் கல்சுவரின் அடியில் தண்ணீர் மினுங்கியது. நான் தூங்குவதை நிறுத்திவிட்டேன். வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன, இந்தக் கணக்கை விட்டுத் தொலையுங்கள் என்று ஒரு நாள் கத்தினேன்.

"நோட்டு முடியட்டும் பிரீஜ். நோட்டு முடிஞ்சா குழாய் வரும்" என்றார்.

நோட்டு முடிய பத்து நாள் இருந்தது. பிப்ரவரி பத்தொன்பது, புதன்கிழமை. ஒன்பது மணிக்கு அளந்தார், எழுதினார், ஈர பூட்ஸைக் கதவருகில் கழற்றிப் போட்டார், டீக்கு உட்கார்ந்தார். நான் பாலெடுத்துத் திரும்புவதற்குள் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்காரர்கள் எதையும் தொடக் கூடாது. தொடவும் விட மாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கடிகாரம் நிறுத்தப்பட்டது, திரைகள் இழுக்கப்பட்டன, யார் யார் கையிலிருந்தோ சாண்ட்விச்சுகள் வந்து அடுக்கப்பட்டன. பக்கத்து நிலத்துக்காரர் ஜார்லத் கீவினி ஐந்து ஆட்களோடு வந்து வெளிவேலை முழுவதையும் தலைமேல் போட்டுக்கொண்டார். சாலையில் முழங்கால் தண்ணீர். துக்கம் கேட்க வந்த சனம் அத்தனையையும் டிராக்டர் டிரெய்லரில் அவரே ஏற்றி இறக்கினார். முற்றத்தைக் கழுவி, வேலியைக் கத்தரித்து, பள்ளங்களில் சரளை கொட்டினார்கள். மாலக்கியின் பெட்டி வெளியே போகும்போது வாசல் வாசலாக இருக்க வேண்டும் அல்லவா. இரண்டு நாள் நான் இழுத்துவிட்ட திரைகளுக்குள் உட்கார்ந்து, நீட்டிய கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கையும் ஈரம். வெளியே எவ்வளவு பெய்தது என்று என்னைக் கேட்டால், பெய்ததா என்றுதான் கேட்டிருப்பேன்.

சனிக்கிழமை அடக்கம் செய்தோம். அன்று மாலை, எல்லாரும் போன பிறகு, பின்பக்கம் போனேன். புல்தரையில் ஒரு குழி மட்டும் இருந்தது. மழைமானி புனலும் பாட்டிலுமாகக் கழற்றப்பட்டு, சோப்பு போட்டுக் கழுவி, ஜன்னல் திண்டில் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. செம்பு பளபளவென்று மின்னியது.

ஜார்லத் மட்டும் வாசல் கேட் அருகில் டிரெய்லரைக் கழுவிக்கொண்டிருந்தார். அதை யார் எடுத்தது என்று கேட்டேன்.

"நான்தான். வியாழக்கிழமை விடியக்காலையிலேயே எடுத்துட்டேன். மாலக்கியோட சாமான் மழையில அநாதையா கிடக்க வேண்டாம்னு தோணுச்சு. இனிமே யாரு அளக்கப் போறா?"

பாட்டிலில் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். கவனிக்கவில்லை, கொட்டிவிட்டேன் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஏதாவது தப்பாகிவிட்டதா என்றார். மூன்று நாளாகத் தூங்காத மனிதர், கண் இரண்டும் சிவந்து கிடந்தது. ஒன்றுமில்லை, நன்றாகக் கழுவியிருக்கிறாய் என்றேன்.

உள்ளே வந்து நோட்டைத் திறந்தேன். முந்நூற்று ஐம்பத்தைந்து வரிகள் மாலக்கியின் கையெழுத்தில். அதற்குக் கீழே வியாழன், வெள்ளி, சனி, மூன்றும் வெள்ளை. ஒரு நாள் விடாமல் என்றுதானே சொன்னார்கள். மூன்று நாள் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்தா? இன்னொரு வருடத்துக்கு இந்த வீடு நிற்குமா? செத்துப்போகும் வரை ஒன்பது மணிக்குப் போய் மண்டியிட்ட மனிதரின் வருடத்தை ஒரு சோப்புத்துணி துடைத்துப் போவதா? என்னால் தாங்க முடியவில்லை. பேனாவை எடுத்தேன்.

நான் பெரிய பொய்க்காரி இல்லை. அதுதான் என் கேடு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள், எனக்கு அது வரவில்லை. அதிகமாக எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, கூச்சப்பட்டு, சின்னச் சின்ன எண்களாக எழுதினேன். ஏழு, ஒன்பது, ஆறரை. மாலக்கி போலவே ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட்டேன். பிறகு மழைமானியைக் குழியில் இறக்கி, மறுநாளிலிருந்து ஏழு நாள் நானே அளந்தேன், ஒன்பது மணிக்கு, மண்டியிட்டு. அந்த ஏழும் சத்தியம். மார்ச் முதல் தேதி நோட்டைத் தபாலில் சேர்த்துவிட்டு, அன்றிரவு கட்டை போல் தூங்கினேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஃபெர்கல் டூலன் வந்தார். தண்ணீர் அதற்குள் முற்றத்துக்கு வந்திருந்தது. பலகைமேல் நடந்துதான் கதவுக்கு வர வேண்டியிருந்தது. நல்ல செய்தியை யாரும் நேரில் கொண்டுவர மாட்டார்கள், கடிதம் போடுவார்கள். அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். டீ கொடுத்தேன். நோட்டைத் திறந்து, மூன்று வரிகளின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மூணு நாளும் நீங்கதான் அளந்தீங்களா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் இங்க வந்தேன் பிரீஜ். உங்க கையப் பிடிச்சு துக்கம் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. போகும்போது பாட்டில் ஜன்னல்ல கவுந்து இருந்ததப் பாத்தேன்."

வந்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஊரில் சாவுக்கு யார்தான் வர மாட்டார்கள்? கவுன்சில்காரர், கால்நடை மருத்துவர், பத்து வருடம் பேசாதவர், எல்லாரும் வருவார்கள். நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். விவரமாகச் சொன்னார். முன்னும் பின்னும் குறித்த கம்ப அளவுகளின்படி, அந்த மூன்று நாளில் தண்ணீர் நாற்பத்தொரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. நான் எழுதிய மழையோ மொத்தமே இருபத்திரண்டரை மில்லிமீட்டர். அந்த மழைக்கு அந்த ஏற்றம் ஒத்துவராது. டப்ளின்காரர்கள் வானிலை ரேடாரைப் பார்த்திருக்கிறார்கள், அதில் தொண்ணூறுக்கு மேல். நோட்டு உண்மையிலேயே அளந்து எழுதியதுதானா என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்.

"ஏன் எழுதினீங்க? வெறுமையா விட்டிருந்தா நாங்களே ரேடார வச்சு நிரப்பியிருப்போம். சாவு விழுந்த வீடுன்னு ஓரத்துல ஒரு வரி போதும். எல்லா நோட்டுலயும் ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும்."

"ஒரு நாள் விடாமன்னு சொன்னீங்களே."

"அது சும்மா சொல்றது, பிரீஜ். இல்லாட்டி யாரும் எழுத மாட்டாங்க."

நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பையன் வயதுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மூன்று வரியையும் அடித்துவிடுங்கள், நான்தான் பொய் எழுதினேன் என்று எழுதித் தருகிறேன், ஜெயிலில் போடட்டும் என்றேன். அவர் என் கையை விலக்கவில்லை. மூன்றை அடித்தால் மற்றதெல்லாம் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது என்று கேட்பார்கள் என்றார். அது மாலக்கி எழுதியது என்றேன். வரி வரியாகப் புரட்டிக் காட்டினேன். மழை விழுந்து மை கரைந்த பக்கங்களைக் காட்டினேன். ஸ்விதன் நாளைக் காட்டினேன்.

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் நெஜம்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட முடியாது."

புது நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். இன்னொரு வருடம். இருவருமே ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவர் பலகைமேல் நடந்து போகும்போது ஒரு முறை வழுக்கித் தண்ணீரில் கால் வைத்தார். எனக்கு அதில் சந்தோஷம்கூட வரவில்லை. அவர்மேல் கோபப்பட முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அரை மணி நேரத்தில் ஜார்லத் டிரெய்லர் நிறைய மணலும் காலிச் சாக்குகளும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். இன்ஜினியர் காரைச் சாலையில் பார்த்திருக்கிறார். குழாய் எப்போது வருகிறது என்று கேட்டார். இன்னொரு வருடம் அளக்கச் சொல்கிறார்கள் என்றேன். மண்வெட்டியை மணலில் குத்தி நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வருஷமா? மாலக்கி ஒரு நாள்கூட விடலையே. சாகிற அன்னைக்குக்கூட அளந்துட்டுத்தானே செத்தான். அத நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்."

"சொல்லியுமா?"

"அவர் எழுதினத நம்ப மாட்டேங்கறாங்க, ஜார்லத்."

ஜார்லத்துக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கிறேன், மாலக்கி ஃபாலன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை, செத்தவனைப் பொய்யன் என்று சொல்ல அவனுகளுக்கு எப்படி வாய் வந்தது என்று பல்லைக் கடித்தார். நாளைக்கே கவுன்சிலுக்குப் போய் அத்தனை பேர் முன்னாலும் கேட்கப்போவதாகச் சொன்னார். உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தப் பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபின் இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட மாட்டார். என் வீடு போகிறது, என் புருஷனின் பெயரும் போய்விட்டது, இவராவது மிஞ்சட்டும்.

சாக்கின் வாயை நான் விரித்துப் பிடித்தேன். அவர் கவுன்சிலைத் திட்டிக்கொண்டே மணலை அள்ளிப் போட்டார். ஒவ்வொரு வசவும் என்மேல்தான் விழுந்தது. இருட்டும் வரை நாங்கள் நிறுத்தவில்லை.