ஜெபத்துக்கு வைத்த சாமான்கள்

அந்த மழைக்கோட்டு மஞ்சள் நிறமா, சாம்பல் நிறமா என்பதே எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. மற்றதெல்லாம் சரியாக நினைவிருப்பதாகத்தான் நம்புகிறேன். ஆனால் கோட்டின் நிறத்தையே தவறவிட்டவன் மற்றதை மட்டும் எப்படிப் பத்திரமாக வைத்திருப்பான்? மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். அளவு மயிரிழை பிசகினாலும் விரல் சொல்லிவிடும். நினைவைத் தடவிப் பார்க்க விரல் இல்லை.

கோட்டு எங்கள் மகளுடையது. ஒரு காலையில் என்னோடு வாக்குவாதம் முற்றி, ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். அன்று மழை இல்லை. அதனால் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. என் மனைவி அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினாள். பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது போல் இருக்கிறது என்றாள்.

சபைப் பெண்களுக்கு இது தெரிந்துவிட்டது. படுக்கையில் கிடக்கிறவர், காணாமல் போனவர், குடிக்கிறவர் என்று அவரவர் வீட்டு ஆளின் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, "இதைப் பிடிச்சு ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பதில் கிடைத்ததும் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. யாரும் வரவில்லை. வராததால் பதில் இன்னும் கிடைக்கவில்லை என்று இவள் எடுத்துக்கொண்டாள். வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கைத்தடி, ஹெல்மெட், குழந்தைச் சட்டை, கழுத்துப் பட்டை, தலையணைகள், ஒரு டிரைவரின் பெட்டி, ஒற்றைச் செருப்பு. நடைவழியில் ஒரு சக்கர நாற்காலி. அதன்மேலும் மூட்டைகள். கட்டிலில் எனக்கு ஒரு ஓரம், அவளுக்கு ஒரு ஓரம், நடுவே ஊரார் துணிமணி.

"ஸ்டேஷன்ல தொலைஞ்ச சாமான் வைக்கிற ரூம்கூட இதைவிடக் காலியா இருக்கும்" என்றேன் ஒருமுறை.

"அங்க யாராவது ஜெபம் பண்றாங்களா?" என்றாள்.

"இத்தனை பேருக்கு நீ ஏம்மா சுமக்கணும்?"

"மத்தவங்க பிள்ளைக்கு நான் கேட்டா, எங்கேயோ ஒருத்தி நம்ம பிள்ளைக்குக் கேப்பா."

முதலில் தூக்கம் போனது. யாரையாவது விட்டுவிட்டோமோ என்று பாதி ஜெபத்தில் எழுந்து மூட்டையைக் கிளறுவாள். பிறகு இருமல். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல என்ன நடத்துறீங்க, பஞ்சு மில்லா?" என்றார். சிரிக்கவில்லை. அந்தத் தூசியிலேயே இருந்தால் எந்த மருந்தும் அவளைக் காப்பாற்றாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"யாரை வெளிய அனுப்பச் சொல்றார்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

நான்தான் பாஸ்டரை அழைத்தேன். இளவயதுக்காரர். உட்கார இடம் தேடி, பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"ஐயோ பாஸ்டர், அது டிரைவரோட பெட்டி!"

துள்ளி எழுந்தார். "டிரைவர் உள்ள இல்லையே சிஸ்டர்?" என்றார். அவள்கூடச் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அவர் நின்றபடியே காத்திருந்தார்.

"சிஸ்டர், ஜெபம்னா ஆண்டவர்கிட்ட ஒப்படைக்கிறது. நீங்க ஒப்படைச்சிட்டு மறுபடியும் கையில எடுத்துக்கறீங்க."

"விட்டா விழுந்துடுவாங்களே பாஸ்டர்."

"உங்க கையிலேர்ந்துதான் விழுவாங்க. அவர் கையிலேர்ந்து இல்ல."

தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். கடைசியில் அவள், "எல்லாத்தையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்" என்றாள்.

சக்கர நாற்காலியில் மூட்டைகளை ஏற்றி நான் தள்ளினேன். அவள் ஒரு கையை அதன்மேல் வைத்தபடி பக்கத்தில் நடந்தாள். முதலில் பேக்கரிக்காரம்மா. தட்டில் பன்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் கைத்தடியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரோடதாச்சே! அவர் போய்ச் சேந்து எவ்வளவோ காலமாச்சே சிஸ்டர். அடக்கத்துக்கு வந்து பாடினீங்களே... இல்ல, அது வேற சிஸ்டரா?"

என் மனைவி கைத்தடியைக் கல்லாமேல் வைத்தாள். அன்று காலையிலும் அந்த மனிதரின் முழங்காலுக்காக அவள் மன்றாடியதை நான் கேட்டிருந்தேன்.

அடுத்தது லிஃப்ட் மெக்கானிக் வீடு. கதவைத் திறந்தவன் அவனேதான், வேலை உடுப்பில்.

"அடடே, இந்த ஹெல்மெட்டுக்காக வீட்ல ஒரு யுத்தமே நடந்துதும்மா! நான் அப்பவே எழுந்து வேலைக்குப் போயிட்டேனே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"கல்யாண நாளையே மறக்கறவரு. உங்களுக்கு ஞாபகமா வந்து சொல்லப் போறாராக்கும்" என்று உள்ளேயிருந்து அவன் மனைவி. இருவரும் சிரித்தார்கள். எங்களுக்கும் காபி கொடுத்தார்கள்.

குழந்தைச் சட்டைக்குரிய வீட்டில் என் மனைவியைவிட உயரமான ஒருவன் கதவைத் திறந்து, "யாரு வேணும் ஆன்ட்டி?" என்றான். பிள்ளை மூச்சு விடவே கஷ்டப்படுகிறது என்று சொல்லிக் கொடுத்த சட்டை அது. அவள் அதை நீட்டவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா இருப்பா" என்று சொல்லித் திரும்பினாள்.

தெருமுனையில் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாக வேண்டியவங்க செத்துட்டாங்க. பிழைக்க வேண்டியவங்க பிழைச்சிட்டாங்க. எல்லாம் என்னைக் கேக்காமலே நடந்திருக்கு. நான் யாரைப் பிடிச்சு வச்சிருந்தேன்?"

அவள் முகத்தில் அப்படியொரு வெறுமையை மகள் போன அன்றுகூட நான் பார்த்ததில்லை. அவர்களுக்காக ஜெபித்தது வீண் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல நான் யார்? அவள் ஜெபிக்கும்போதெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன்.

உரியவர் அகப்படாத பொருள்களைச் சபையே ஏற்றுக்கொண்டது. நாற்காலியையும் அங்கேயே விட்டோம். வீடு காலியானது. காலியான வீட்டில் அவள் இருமல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தரையைத் துடைத்துவிட்டு மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜெபம் நின்றுபோயிருந்தது. கோட்டு மட்டும் ஆணியில் இருந்தது. அதை அவள் தொடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லி அந்தக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தாள். திரும்பும்போது நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண், தலைக்குமேல் பையைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். இவள் போய்க் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டாள். பித்தான்களை மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொன்றாக.

"எப்படித் திருப்பித் தரது ஆன்ட்டி?"

"தர வேணாம்மா."

பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறிப் போனாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நாளைக்கு நம்ம பிள்ளை வந்து கோட்டு எங்கன்னு கேட்டா?"

"நனைஞ்சுகிட்டே வரட்டுமேங்க. தலை துவட்டி விடறேன்."

அன்று மாலை அவள் மறுபடியும் ஜெபித்தாள். கையில் எதுவும் இல்லை. "உம்மகிட்டதான் இருக்கா. எனக்குப் பிடிச்சு வைக்கத் தெரியல" என்றாள். அவ்வளவுதான். உடனே தூங்கிவிட்டாள். நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கட்டிலின் நடுப்பகுதி முழுதும் காலியாக இருந்தது. அங்கே நகரத் துணிவில்லாமல் என் ஓரத்திலேயே கிடந்தேன்.

நெஞ்சு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே என் மனைவி இறந்தாள். கடைசிவரை நன்றாகத் தூங்கினாள். பேக்கரிக்காரம்மா அடக்கத்துக்கு வந்து பாடினாள். லிஃப்ட் மெக்கானிக் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனான். பாஸ்டரையும் வேறு சபைக்கு மாற்றிவிட்டார்கள். மகள் எங்கோ ஒரு மருத்துவமனையில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் வரவில்லை. நான் இன்னும் லென்ஸ் தேய்க்கிறேன். எனக்கு ஜெபிக்க வரவில்லை.