கீழ்ப்பக்கம் பத்திரம்

கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. சட்டத்தில் செதுக்கியிருந்த கொடியில் ஓர் இலைகூட உதிரவில்லை. ஆளுயரப் பழங்காலக் கண்ணாடி, சேர வேண்டிய புது வீட்டுக்கு மகாராணி மாதிரி வந்து சேர்ந்திருந்தது. சேதம் பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் டார்ச்சை மேலும் கீழும் அடித்துப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "உடைஞ்சதுக்கு க்ளெய்ம் பாத்திருக்கேன், காணாமப் போனதுக்குப் பாத்திருக்கேன். முழுசா வந்து சேந்ததுக்கு இதுதான் முதல் தடவை" என்றார், பேக்கிங் அக்காவின் காதோரம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குடோனில் அவளைவிட மூத்தவர்களும் அவளைப் பேக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பீங்கான், சரவிளக்கு, கண்ணாடி என்று எந்தப் பழம்பொருள் வந்தாலும் நேராக அவள் கைக்குப் போகும். "நான் கட்டுன பெட்டிய மாடியிலேருந்து உருட்டி விட்டுப் பாரு" என்று சவால் விடுகிறவள். கண்ணாடியைக் கட்டுமுன் துடைத்தாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒரு மணல் பொடி ஒட்டியிருந்தால் போதும், லாரி ஆடுகிற ஆட்டத்தில் உறைக்கடியில் நகர்ந்து நகர்ந்து கோடு இழுத்துவிடும். இந்தக் கண்ணாடியைக் கட்டப் போன அன்றைக்கு வீட்டுக்கார அம்மாள் பழைய வீட்டு வாசற்படியில் நின்றபடி, "கீழ்ப்பக்கம் மட்டும் ரொம்பப் பத்திரம்மா" என்று சொல்லியிருந்தாள். சட்டத்தின் கீழ் மூலை லொடலொடத்துக் கிடந்ததால், அதைத்தான் சொல்கிறாள் என்று இவள் எடுத்துக்கொண்டாள். அங்கே கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மங்கலாக ஏதோ இருந்தது. ஸ்பிரிட்டைத் தொட்டு, வாயால் ஆவி ஊதி, மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு அக்கறையாகத் துடைத்தாள். கிளம்பும்போது "சொன்ன மாதிரியே பண்ணிட்டேன்மா" என்று வேறு சொல்லிவிட்டு வந்தாள். பாவி, அந்த வாயை என்ன செய்வது! க்ளெய்ம் வந்த நாளிலிருந்து அந்தச் சொல்தான் அவளைப் பிடுங்கித் தின்கிறது. டீக்கடைக் கண்ணாடி, பஸ் ஜன்னல், எதைப் பார்த்தாலும் கண் தானாகக் கீழ் மூலைக்குப் போகிறது.

வீட்டுக்கார அம்மாள் கண்ணாடியின் முன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"வெண்ணெய்க் கை. ரொட்டியத் தின்னுட்டு ஓடி வந்து அப்பினா. இப்பத்தானடி தொடச்சேன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். சரி, அப்புறம் தொடச்சுக்கலாம்னு விட்டேன். அந்த வாரமே காய்ச்சல். போனவ போனவதான். அதுக்கப்புறம் எப்படித் தொடைப்பேன்?"

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" பேக்கிங் அக்கா கேட்டேவிட்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்படிச் சொல்றது? அழுக்கக் காட்டி, இது என் பொண்ணுன்னு சொன்னா, பைத்தியம்னு நினைச்சிருக்க மாட்டீங்களா?"

இன்சூரன்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதுக்கெல்லாம் பாலிசில இடமில்லைங்க."

"ஒரு பைசா வேணாம். இவங்கள இங்க வரவைக்க எனக்கு வேற வழி தெரியல." அம்மாள் முதல் முறையாகத் திரும்பி இவள் முகத்தைப் பார்த்தாள். "தொடச்ச துணிய என்ன பண்ணுனீங்க?"

பேக்கிங் அக்கா சட்டென்று சுவரோரம் திரும்பினாள். அவள் துணியை எறிகிறவள் இல்லை. பெட்டிக்குள் விரலளவு இடம் காலியாக இருந்தாலும் சாமான் ஆடும். அதனால் துடைத்த துணியையும் சுருட்டி ஏதாவதொரு சந்தில் திணித்துவிடுவாள். க்ளெய்ம் முடியும்வரை பெட்டியைக் கலைக்கக் கூடாது என்பதால் அது சுவரோரம் அப்படியேதான் நின்றது. "இருக்கும்மா! இங்கதான் இருக்கு!" என்று பாய்ந்து, இடுப்புவரை உள்ளே குனிந்து துணிகளை அள்ளிப் போட்டாள். போட்ட பிறகுதான் பகீரென்றது. எல்லாம் ஒரே பழைய வெள்ளைத் துணியில் கிழித்தவை. எல்லாவற்றிலும் ஒரே தூசி. ஸ்பிரிட் எப்போதோ பறந்துவிட்டிருந்தது. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், முகர்ந்தாள், விரலால் தடவினாள். ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் அந்த அம்மாள் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று எந்த நாக்கு சொல்லும்?

"இதாம்மா" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"நிச்சயமா?"

"நான் திணிச்ச துணி எனக்குத் தெரியாதா?"

அம்மாள் அதை மடியில் விரித்து, அழுத்தாமல் சுருக்கத்தை நீவினாள். பிறகு இவள் மூக்கருகே நீட்டினாள். "வெண்ணெ வாசம் வருதில்ல?"

"வருதும்மா."

"பெட்டிய நீங்க கொண்டு போயிடுங்க. எனக்கு இனிமே அது எதுக்கு?"

மீதித் துணிகளைப் பேக்கிங் அக்கா அள்ளித் திணிக்கவில்லை. அந்த வெண்ணெய்க் கை எதில் இருக்கிறதோ என்று ஒவ்வொன்றாக உதறாமல் மடித்து உள்ளே வைத்தாள். படியில் இறங்கும்போது இன்சூரன்ஸ்காரர் தன் பக்கத்தைத் தரையில் இழுத்தார். "காலிப் பெட்டிதானேம்மா."

"தூக்கிப் பிடிங்க சார்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் பிடித்தார்.

டிரைவர் முன் சீட்டைத் தட்டிக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. பின்னால் ஏறி, பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்து, மூடியின் மேல் கையை வைத்தாள். வண்டி பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் அந்தக் கை தானாகத் தட்டிக் கொடுத்தது.